ஆற்றங்கரை இயற்கைக் காப்பகம்: போய்ப் பார்ப்பதற்கும் துணை நிற்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆற்றை ஒட்டிய காப்பகத்துக்குள் நுழைந்ததும் பெரும்பாலோர் நேராகத் தண்ணீர் ஓரத்துக்குத்தான் நடக்கிறார்கள். ஆறு இருக்கும் இடத்தில் மனசு அங்கேதான் போகும், இயல்புதான். ஆனால் அந்த ஓரம்தான் காப்பகத்தின் உயிர்நாடியும்கூட. தண்ணீரும் நிலமும் சந்திக்கும் கோட்டுக்கு இருபுறமும் சில மீட்டர் அகலமுள்ள அந்தப் பட்டையில்தான் மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன, ஆமை முட்டையிடுகிறது, மீன்கொத்தி வளை தோண்டுகிறது, தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் தண்டைப் பிடித்து ஏறி இறக்கை விரிக்கிறது. வருகிறவர்களால் நேரும் சேதத்தில் பெரும்பகுதி நடப்பதும் இங்கேதான், அவர்களால் செய்யக்கூடிய நன்மையில் பெரும்பகுதி இருப்பதும் இங்கேதான். அதனால் சுற்றிப் பார்ப்பது ஒன்று, ஆதரிப்பது வேறொன்று என்று நான் பிரிப்பதில்லை. ஒழுங்காகப் பார்க்கப் பழகியவரால்தான் ஒழுங்காக உதவவும் முடியும்.

படி 1: யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காப்பகத்தை அரசின் வனத்துறை நடத்தலாம், நகராட்சி நடத்தலாம், ஓர் அறக்கட்டளை நடத்தலாம். சில இடங்களில் நிலம் ஒருவர் கையில், ஆறு இன்னொரு துறையின் கையில், அணை மூன்றாவது துறையின் கையில் இருக்கும். இதை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் செத்த மீன் மிதப்பதைப் பார்த்தாலோ, கரையை யாரோ வெட்டுவதைப் பார்த்தாலோ யாரிடம் சொல்வது என்று தடுமாற வேண்டியிருக்காது.

திறக்கும் நேரம், மூடும் பருவம், நாய் அழைத்து வரலாமா, படகு விடலாமா, மீன்பிடிக்க அனுமதி உண்டா, ட்ரோன் பறக்கவிடலாமா என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு பாதை சில மாதங்கள் மூடப்பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே ஏதோ ஒன்று குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். வாசலில் போய் வாதாடுவதைவிட வேறு பாதையைத் தேர்ந்தெடுப்பது மேல்.

படி 2: ஆற்றின் நிலவரம் பார்த்து நாள் குறியுங்கள்

காட்டுக்குப் போகிறவர் வானிலையைப் பார்த்தால் போதும். ஆற்றங்கரைக்குப் போகிறவர் மேல்நீரையும் பார்க்க வேண்டும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். பல கிலோமீட்டர் மேலே மலையில் கொட்டிய மழை சில மணி நேரம் கழித்து உங்கள் காலடிக்கு வந்து சேரும். மேலே அணை இருந்தால் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு உண்டா, எச்சரிக்கைச் சங்கு ஒலிக்குமா என்று கேளுங்கள். நீர்மட்ட அளவுகோல் வைத்திருக்கும் ஆறுகளில் அன்றைய அளவைப் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம்.

நீர்மட்டம் பாதுகாப்பை மட்டும் தீர்மானிப்பதில்லை, அன்று என்ன கண்ணில் படும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. தண்ணீர் வற்றிய மாதங்களில் மணல்திட்டுகள் வெளியே தெரியும். ஆலா, உப்புக்கொத்தி போன்ற பறவைகள் வெறும் மணலிலேயே முட்டையிடும் காலம் அது. பல இன ஆமைகளுக்கும் அதுவே முட்டைக்காலம். திட்டு காலியாகக் கிடப்பது போலத்தான் தெரியும். முட்டைகள் கூழாங்கல் நிறத்தில் இருப்பதால் அருகில் நின்று பார்த்தாலும் புலப்படாது. வெள்ளம் வடிந்த நாட்களில் சேற்றில் கால்தடம் படிக்கலாம். மழைக்குப் பிந்தைய இரவுகளில் தவளைகளின் சத்தம் கேட்கலாம். குளிர்காலம் வலசைப் பறவைகளின் காலம்.

நாளின் நேரம் என்று பார்த்தால், விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். உச்சிவெயிலில் போக நேர்ந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். தட்டான்களும் வண்ணத்துப்பூச்சிகளும் கட்டையில் ஏறி வெயில் காயும் ஆமைகளும் அப்போதுதான் வெளியே வரும்.

படி 3: பையில் என்ன, காலில் என்ன

பைனாகுலர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். அதைவிடப் பெரிதாக்கும் கருவிகளில் கை நடுக்கம் படத்தை ஆட்டிவிடும். மங்கலான உடை, தொப்பி, குடிதண்ணீர், குறிப்பேடு, பென்சில், நீங்கள் கொண்டுவந்த குப்பையைத் திரும்ப எடுத்துப்போக ஒரு பை. இவ்வளவு போதும். ஆற்று நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. காலில் புண் இருந்தால் நீர் புகாமல் மூடிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகலாம்.

காலணி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆற்றின் சேற்றை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோவது நம் காலணிகள்தான். நியூசிலாந்தின் தென்தீவில் 2004-இல் டிடிமோ என்ற பாசி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆற்றுப்படுகைக் கற்களை அடர்ந்த போர்வையாக மூடிவிடக்கூடிய பாசி அது. ஈரமான பூட்ஸ், மீன்பிடி வலை, படகு வழியாக ஒரு துளி நீரில்கூட அடுத்த ஆற்றுக்குப் பரவும் என்பதால், சோதி, கழுவு, காயவை என்ற மூன்று சொல் பிரச்சாரத்தை அந்நாடு கையிலெடுத்தது. அந்த மூன்றையும் எந்த ஊர் ஆற்றுக்குப் போகிறவரும் பின்பற்றலாம். கிளம்பும் முன் காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டியிருக்கும் விதை, சேறு, செடித்துண்டை நீக்குங்கள். சோப்பு நீரில் கழுவுங்கள், ஆனால் அந்தக் கழுவிய நீரை ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். தொட்டுப் பார்த்து ஈரமே இல்லை என்றான பிறகு மேலும் 48 மணி நேரம் காயவிடுங்கள். ஒரே வார இறுதியில் இரண்டு ஆறுகளுக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஜோடிக் காலணிகள் வைத்துக்கொள்வது எளிது.

படி 4: தண்ணீரை நம்பாதீர்கள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை ஆற்றங்கரையில் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே வளர்ந்த ஒருவரைச் சாய்த்துவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான கார்களை இழுத்துக்கொண்டு போய்விடும். பாதையை நீர் மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள், அது கணுக்கால் அளவுதான் தெரிந்தாலும் சரி.

தடுப்பணைகள் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் மேலிருந்து விழும் நீர் அடியில் புரண்டு மறுபடி அணையை நோக்கியே திரும்பும். அந்தச் சுழற்சிக்குள் சிக்கியவரை அது வெளியே விடாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உயிர்காப்பு உடை அணிந்தவர்களும்கூட அதில் இறந்திருக்கிறார்கள். அதன் அருகே இறங்கவே கூடாது.

வளைவுகளில் வெளிப்பக்கக் கரையின் விளிம்பில் நிற்காதீர்கள். மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே மண்ணை நீர் அரித்துப் பொந்தாக்கியிருக்கும். இடி கேட்டால் திறந்த கரையைவிட்டு ஒதுங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகட்டும். முதலை வாழும் ஆறு என்றால் ஊழியர்கள் சொல்லும் தூரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். குழந்தைகளை நீங்களும் தண்ணீரும் இருபுறம் இருக்கும்படி நடுவில் நடக்கவிடாதீர்கள். தண்ணீர்ப் பக்கம் பெரியவர்தான் நடக்க வேண்டும்.

படி 5: நடக்கும் விதம்

பாதையிலேயே நடங்கள். சேறாக இருந்தாலும் நடுவிலேயே நடங்கள். சேற்றைத் தவிர்க்க ஆளுக்கொரு அடி ஒதுங்கி நடந்தால் பாதை ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிக்கொண்டே போகும். மிதிபட்ட மண் இறுகும், இறுகிய மண்ணில் வேர் மூச்சு விடாது, செடி காயும், செடி போன கரையை அடுத்த வெள்ளம் எடுத்துக்கொள்ளும். புகைப்படத்துக்காகத் தண்ணீர் வரை போட்ட குறுக்குவழி ஒன்று சில ஆண்டுகளில் கரைச்சரிவாக மாறுவது இப்படித்தான்.

உயிர்களிடம் எவ்வளவு தூரம் விலகி நிற்பது? மீட்டர்க் கணக்கைவிட அவற்றின் உடல்மொழியே நம்பகமானது. மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி அசையாமல் நின்றால் உங்களைக் கவனித்துவிட்டது. தலையை ஆட்டுகிறது, நடையை மாற்றுகிறது, கத்துகிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். மணலில் ஒரு பறவை சிறகு ஒடிந்தது போல நொண்டி நொண்டி உங்களை எங்கோ இழுத்துப்போகிறது என்றால், கூடு உங்கள் காலடிக்கு அருகில்தான் இருக்கிறது. காயமில்லை, அது நாடகம். பின்தொடராமல், வந்த வழியிலேயே கால் வைத்த இடங்களைப் பார்த்துப் பின்வாங்குங்கள். வெயில் நேரத்தில் தாய் எழுந்துவிட்டால் முட்டை சில நிமிடங்களிலேயே சூடேறத் தொடங்கும். ஆலா போன்ற பறவைகள் வயிற்று இறகை ஆற்றில் நனைத்துவந்து முட்டையைக் குளிரவைப்பதே அதற்காகத்தான். மேலே காகமும் பருந்தும் வேறு காத்திருக்கும்.

பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். இணை தேடும் பருவத்தில், இல்லாத எதிரியோடு சண்டையிட அது தன் நேரத்தைச் செலவழிக்கும். வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள். சத்தில்லாத உணவு, மிச்சம் தண்ணீரில் ஊறி அழுகும், ஒரே இடத்தில் கூட்டம் சேர்ந்தால் நோயும் பரவும். நாய் கட்டுக்குள் இருக்கட்டும். அது விளையாட்டாகத்தான் ஓடும், தரையில் அடைகாக்கும் பறவைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மீன்பிடி நரம்பு கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆமையின் கழுத்திலும் நாரையின் காலிலும் சுற்றி இறுக்குவது அதுதான்.

இன்னொன்று, இது பலர் யோசிக்காதது. கூடு, ஆமை, நீர்நாய் வளை இவற்றின் படத்தை இடத்தோடு பகிராதீர்கள். நன்னீர் ஆமைகளைப் பிடித்து விற்கும் கள்ளச்சந்தை உலகம் முழுக்க இருக்கிறது. பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்கள் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் இருப்பிடத்தைத் தாமாகவே மங்கலாக்கிவிடுகின்றன. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு அப்படிச் செய்யாது.

படி 6: ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஓர் இடத்தில் உட்காருங்கள். நான் சொல்லும் யோசனைகளில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், நீங்கள் வந்தபோது ஒளிந்துகொண்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நடந்துகொண்டே இருப்பவருக்குத் தெரிவது ஓடும் முதுகுகள் மட்டும்தான்.

உட்கார்ந்தபடியே நீரோட்டத்தைப் பாருங்கள். கற்கள் மீது துள்ளி ஓடும் ஆழமற்ற பகுதியும், அடுத்து அமைதியான மடுவும் மாறி மாறி வரும். துள்ளும் இடத்தில் காற்று நீரில் கலக்கிறது. மடுவில் பெரிய மீன்கள் கோடையைக் கழிக்கின்றன. வளைவின் வெளிப்பக்கத்தை ஆறு அரிக்கும், உள்பக்கத்தில் மணலைச் சேர்க்கும். அரிபட்டுச் செங்குத்தாக நிற்கும் மண்சுவரில் வட்டத் துளைகள் தெரிந்தால் அவை மீன்கொத்தியின் வளைகளோ பஞ்சுருட்டானின் வளைகளோ. அழகுபடுத்துகிறோம் என்று அந்தச் சுவருக்கு சிமெண்ட் பூசினால் அந்தப் பறவைகளுக்குக் கூடு வைக்க இடமே இல்லாமல் போகும்.

பட்டுப்போன மரத்தையும் அப்படியே பாருங்கள். நிற்கும்போது அதில் நீர்க்காகம் சிறகு காயவைக்கும், மரங்கொத்தி பொந்து குடையும். ஆற்றில் விழுந்த பிறகு அது ஆமைக்கு வெயில் காயும் மேடை, அதன் கீழே மீன்குஞ்சுக்கு ஒளிவிடம். பராமரிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று முறையிடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

கரையில் மரநிழல் ஏன் முக்கியம் என்பதற்கு நேரான கணக்கு ஒன்று உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நிழல் போனால் நீர் சூடாகும், மீனுக்கு மூச்சு முட்டும். இரவில் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் விடியற்காலையில் அளவு மிகக் கீழே இருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் ஊழியர்களிடம் உடனே சொல்ல வேண்டும்.

ஊழியர் ஒருவர் துணையோடு, அனுமதித்த இடத்தில், ஆழமற்ற நீரில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, காடிஸ்ஃப்ளை ஆகியவற்றின் இளம்பூச்சிகள் இருந்தால் அந்த நீர் நல்ல நிலையில் இருக்கிறது. இவை அழுக்கையும் ஆக்சிஜன் குறைவையும் தாங்காதவை. வெறும் சிவப்புப் புழுக்கள் மட்டும் நிறைய இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். பார்த்த பிறகு கல்லை முன்பிருந்த அதே பக்கம் கீழாக வைத்துவிடுங்கள். கற்களை அடுக்கிக் கோபுரம் கட்டுவது வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு கல்லின் அடியும் ஒரு குடியிருப்பு.

சேற்றில் ஐந்து விரலும் இடையே சவ்வுமாகத் தடம் தெரிந்தால் நீர்நாய். பாறை மேல் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் கிடந்தால் சந்தேகமே இல்லை, அது வழக்கமாக வந்துபோகும் இடம்.

படி 7: பார்த்ததை எழுதிவையுங்கள்

இங்கிருந்து ஆதரவு தொடங்குகிறது. பறவைப் பட்டியல்களைப் பதிவிடும் தளமான இபேர்ட் 2002-இலும் ஐநேச்சுரலிஸ்ட் 2008-இலும் தொடங்கின. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் கணக்கு திறந்து பதிவிடலாம். அரிய பறவையைத் தேடி ஓட வேண்டாம். ஒரே இடத்துக்கு, ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரம், திரும்பத் திரும்பப் போய் எழுதும் சாதாரணப் பட்டியல்தான் காப்பகத்தை நடத்துகிறவர்களுக்குத் தேவை. முழுப் பட்டியலாக இருக்கட்டும். நீங்கள் கண்ட எல்லா இனமும் அதில் இருந்தால்தான் காணாதது என்ன என்பதும் அதில் தெரியும். சென்ற ஆண்டு வரை இருந்த ஆலா இந்த ஆண்டு இல்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

நீரின் தெளிவை அளப்பது இன்னும் எளிது. 1865-இல் இத்தாலியரான ஏஞ்சலோ செக்கி கயிற்றில் கட்டிய வட்டத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். ஏரிகளில் இன்றும் அதே முறை நடக்கிறது. ஓடும் ஆற்றில் தட்டு நிற்காது என்பதால் அளவு குறித்த கண்ணாடி போன்ற குழாயில் நீரை நிரப்பி, அடியில் உள்ள குறி தெரிகிறதா என்று மேலிருந்து பார்ப்பார்கள். காப்பகத்தில் இப்படியொரு கண்காணிப்பு நடந்தால் மாதம் ஒருமுறை வருகிறேன் என்று பெயர் கொடுங்கள்.

சில நாட்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஈரநிலங்களுக்கான ராம்சார் ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2-இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தானது. அந்தத் தேதி உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. உலக ஆறுகள் நாள் செப்டம்பரின் நான்காவது ஞாயிறு. உலக வலசைப் பறவைகள் நாள் மே, அக்டோபர் மாதங்களின் இரண்டாவது சனி. பல காப்பகங்கள் கணக்கெடுப்பு, வழிகாட்டி நடை, தூய்மைப் பணி ஆகியவற்றை இந்த நாட்களை ஒட்டியே வைக்கின்றன. புதியவர் ஒருவர் உள்ளே நுழைய அவை நல்ல வாசல்.

படி 8: பணம் கொடுப்பது

நுழைவுக் கட்டணம் இருந்தால் கட்டிவிடுங்கள். நன்கொடை என்றால், எப்போதாவது தரும் பெரிய தொகையைவிட மாதாமாதம் வரும் சிறு தொகை அவர்களுக்கு அதிகம் உதவும், ஏனென்றால் அதை நம்பி ஒருவருக்குச் சம்பளம் பேச முடியும். புதிய கோபுரத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் தர நிறையப் பேர் முன்வருவார்கள். காவலரின் சம்பளம், படகின் எரிபொருள், கிழிந்த கையுறைக்கு மாற்று, கழிப்பறைச் சுத்தம் இவற்றுக்குத்தான் யாரும் தருவதில்லை. குறிப்பிட்ட செலவுக்கு என்று கட்டுப்படுத்தாமல் கொடுத்தால் அது இவற்றுக்குப் போய்ச் சேரும். தருவதற்கு முன் ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல அமைப்பு அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளாது.

படி 9: கையால் செய்யும் வேலை

முதலில் ஒன்று: ஊழியர்களைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலை கரையோரத்தில் எளிதில் தலைகீழாகிவிடும்.

குப்பை பொறுக்குவதையே எடுத்துக்கொள்வோம். பறவைகள் தரையில் அடைகாக்கும் மாதங்களில் மணல்திட்டில் ஐம்பது பேர் இறங்கினால் பிளாஸ்டிக்கோடு முட்டைகளும் போய்விடும். வெள்ளம் ஒதுக்கிய கிளை, சருகு, நாணல் குவியலைக் குப்பை என்று வாரக் கூடாது. அது பூச்சிக்கும் பாம்புக்கும் வீடு, கரைக்கு உரம். பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், நரம்பு, வலை, துணி இவற்றை மட்டும் எடுங்கள். தடித்த கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். ஊசி, ரசாயன டப்பா கிடந்தால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டுச் சொல்லுங்கள். எடுத்ததை வகைப்படுத்தி எண்ணுங்கள். 1986-இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய தூய்மைப் பணியில் பங்கேற்றவர்கள் பொறுக்கியதையெல்லாம் பட்டியலிட்டார்கள். அந்தப் பழக்கம்தான் அதை உலகம் தழுவிய இயக்கமாக்கியது. எந்த வகைக் குப்பை அதிகம் என்று தெரிந்தால்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போக முடியும்.

அயல் தாவரங்களை அகற்றுவது பலருக்குப் பிடித்த வேலை, ஆனால் அதற்கு முறை உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய ஆகாயத்தாமரை சாதகமான சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். அதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பூப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும், எடுத்ததை வெள்ளம் தொடாத மேட்டில் குவிக்க வேண்டும், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் திரும்பி வர வேண்டும். கீழ்நீரில் எடுத்துவிட்டு மேல்நீரில் ஒரு தேக்கத்தை விட்டுவைத்தால் முழு உழைப்பும் வீண். மேலிருந்து கீழாகத்தான் வர வேண்டும்.

மரம் நடுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெட்டவெளி என்று நமக்குத் தோன்றும் மணல்திட்டும் புல்வெளியும் சதுப்பும் வெற்றிடங்கள் அல்ல, அங்கே மரம் நட்டால் அங்கே வாழ்பவை போய்விடும். நட வேண்டிய இடத்தில், அதே ஆற்றுப்படுகையில் இயல்பாக வளரும் இனங்களின் விதையிலிருந்து வந்த கன்றை நட வேண்டும். நீர்விளிம்பில் கோரையும் நாணலும், சற்று மேலே வெள்ளத்தில் வளையும் புதர்கள், அதற்கு மேல் பெருமரங்கள் என்ற வரிசை முக்கியம். நடும் நாளில் வரும் கூட்டத்தைவிட, அடுத்த இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் வரும் நான்கு பேர் பெரிய உதவி. அந்த நால்வரில் ஒருவராக இருங்கள்.

அப்புறம், எல்லோரும் கரையில் இறங்க வேண்டும் என்பதில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர், மொழிபெயர்க்கத் தெரிந்தவர், தச்சு வேலை தெரிந்தவர், பள்ளிக் குழந்தைகளிடம் பேசத் தெரிந்தவர் எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

படி 10: வேலிக்கு வெளியே

காப்பகத்துக்கு வேலி போடலாம், ஆற்றுக்குப் போட முடியாது. மேல்நீரில் நடப்பதெல்லாம் உள்ளே வந்துசேரும். அதனால் வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை சில. பெயிண்ட், எஞ்சின் எண்ணெய், காலாவதியான மருந்து எதையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வளர்க்கச் சலித்துப்போன மீனையோ ஆமையையோ ஆற்றில் விடாதீர்கள். கடைகளில் குட்டியாக விற்கும் சிவப்புக்காது ஆமை, உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் இருக்கிறது. டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் கரையில் வளை தோண்டி மண்ணைச் சரியவைக்கும்.

மணல் எடுப்பது இதைவிடப் பெரிய விஷயம். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் கணக்கிட்டுச் சொன்னது. படுகை ஆழமானால் கரை சரியும், நிலத்தடி நீர் இறங்கும், ஆமைக்கும் ஆலாவுக்கும் திட்டு இருக்காது. காப்பகத்துக்கு மேலே புதிய குவாரி, கால்வாய் நேராக்கல், கரைக்கு கான்கிரீட் என்று எந்தத் திட்டம் வந்தாலும் பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள். உணர்ச்சியோடு பேசலாம், ஆனால் கையில் தேதியிட்ட படங்களும் உங்கள் பறவைப் பட்டியலும் இருக்கட்டும்.

அங்கே எடுத்துச்சொல்ல ஓர் உதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கிசிம்மீ ஆற்றைச் சொல்லுங்கள். வெள்ளத்தைக் கட்டுப்படுத்த என்று, வளைந்து வளைந்து 166 கிலோமீட்டர் ஓடிய ஆற்றை 1962-க்கும் 1971-க்கும் இடையே 90 கிலோமீட்டர் கால்வாயாக நேராக்கினார்கள். ஈரநிலம் காய்ந்தது, நீர்ப்பறவைகள் பெரும்பாலும் போய்விட்டன. பிறகு 1999-இல் கால்வாயின் ஒரு பகுதியை மூடிப் பழைய வளைவுகளில் நீரை விடத் தொடங்கி, 2021-இல்தான் வேலையை முடித்தார்கள். நாரைகளும் கொக்குகளும் திரும்பின. நெதர்லாந்தும் 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு கரையை மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆறு பரவ நிலம் விட்டுக்கொடுத்தது. கரையோரத்தை விட்டுவைப்பது ஊரைக் காப்பாற்றும் வழியும்தான் என்று காட்ட இந்த இரண்டும் போதும்.

கடைசியாக, ஏதேனும் கெட்டது கண்ணில் பட்டால் சொல்லும் முறை. செத்த மீன்கள், நுரை, எண்ணெய்ப் படலம், புதிய குழாயிலிருந்து வரும் நிறநீர் எதுவானாலும் முதலில் நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம், அளவு தெரிய அருகில் ஒரு பொருள். எத்தனை, என்ன அளவு, சிறிய மீனா பெரியதா, என்ன வாடை, மேல்நீரிலும் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பெரிய மீன்கள் மட்டும் விடியலில் செத்திருந்தால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். எல்லா அளவும், நண்டும் தவளையும்கூட, ஒன்றாகச் செத்திருந்தால் நஞ்சாக இருக்கலாம். இந்த வித்தியாசம் விசாரிக்கிறவர்களுக்குப் பெரிய துப்பு. எதையும் தொடாதீர்கள், வாயருகே கொண்டுபோகாதீர்கள், நாயை அருகில் விடாதீர்கள். காப்பகத்துக்கும், முதல் படியில் விசாரித்து வைத்த நீர்த்துறைக்கும் அன்றே சொல்லுங்கள், ஏனென்றால் ஓடும் நீரில் தடயம் நாளைக்கு இருக்காது. புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடியும் கேளுங்கள்.